பூங்காக்களும் பொலிஸ் அதிகாரமும்: ஹைட் பார்க் முதல் காலிமுகத்திடல் வரை

பொதுப் பூங்கா என்ற சொல்லை நாம் எவ்வித யோசனையுமின்றி நாளாந்தம் பயன்படுத்தி வருகின்றோம். பொதுமக்கள் சென்று அமர்வதற்கும் உலாவுவதற்கும் பிள்ளைகளை ஓடியாட விடுவதற்கும் உரிய இடம் என்பதே அச்சொல்லிலிருந்து நாம் விளங்கிக் கொள்வதாகும். ஆனால், பூங்காவின் நுழைவாயிலில் நாட்டப்பட்டிருக்கும் அறிவித்தல் பலகையை ஒரு தடவையேனும் நின்று வாசித்தவர்களுக்கு வேறொரு விடயம் புலப்பட்டிருக்கும். எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், எத்தனை மணிக்கு வெளியேற வேண்டும், எங்கே அமரக் கூடாது, எதனை விற்கக் கூடாது என்று அப்பலகை அடுக்கிக் கொண்டே செல்கின்றது. இத்தனை தடைகளை விதிக்கும் அதிகாரம் யாரிடம், எவ்வாறு சென்றடைந்தது?

சட்டத்தின் கண்ணில் பூங்கா என்பது முதலில் ஒரு காணி. அக்காணிக்கு ஓர் உரிமையாளர் உண்டு. அவர் அரசராக இருக்கலாம், அரசாங்கமாக இருக்கலாம், மாநகர சபையாக இருக்கலாம். பொதுமக்கள் அந்த உரிமையாளரின் அனுமதியின் பேரில் உள்ளே வருபவர்கள். இக்கோட்பாடு உருவான விதத்தை அறிய விரும்புவோர் லண்டன் மாநகரின் ஹைட் பார்க்கின் வரலாற்றைப் பார்ப்பது பயனுடையது. எமது காலிமுகத்திடலில் 2022 ஆம் ஆண்டில் நிகழ்ந்தவற்றை விளங்கிக் கொள்வதற்கும் அது துணைபுரியும் என்பது எமது எண்ணம்.

ஹைட் பார்க் மக்களுக்காக உருவாக்கப்பட்ட ஒன்றல்ல. 1536 ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னர் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்திடமிருந்து அந்நிலத்தைக் கைப்பற்றி மான் வேட்டைக்கென வேலியடைத்துக் கொண்டார். ஒரு நூற்றாண்டின் பின்னர், 1637 இல், முதலாம் சார்ள்ஸ் மன்னர் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அந்த மன்னரின் தலை துண்டிக்கப்பட்ட பின்னர் ஆட்சிக்கு வந்த குடியரசின் பாராளுமன்றம் 1652 இல் பூங்காவைத் தனியாருக்கு விற்றது. மக்களின் பெயரால் ஆட்சியைக் கைப்பற்றியவர்கள் விற்ற பூங்காவினுள் நுழைவதற்கு வண்டியொன்றுக்கு ஒரு ஷில்லிங்கும் குதிரைக்கு ஆறு பென்ஸும் கட்டணமாக அறவிடப்பட்டதை ஜோன் ஈவ்லின் 1653 ஆம் ஆண்டு நாட்குறிப்பில் கசப்புடன் எழுதி வைத்திருக்கின்றார். 1660 இல் முடியாட்சி மீண்டதும் பூங்காவும் முடிக்குரியதாகியது.

இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் பட்டத்தரசி, அரச பூங்காவொன்றை மக்களுக்கு மூடிவிட்டுத் தமது சொந்தத் தோட்டமாக்கிக் கொள்வதற்கு என்ன செலவாகும் எனப் பிரதம அமைச்சர் ரொபர்ட் வால்போலிடம் கேட்டாராம். மூன்று கிரவுண் மாத்திரமே என்று அவர் மறுமொழி கூறினாராம். கிரவுண் என்பது அக்கால வெள்ளி நாணயத்துக்கும் பெயர், முடிக்கும் பெயர். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று முடிகளையும் இழக்க நேரிடும் என்பதே அவர் சொன்னதன் உட்பொருள். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, சட்டத்தில் இல்லாத ஓர் உரிமை வழக்கத்தில் வேரூன்றிவிட்டதை அது காட்டுகின்றது.

19 ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலை நகரங்கள் பெருகியபோது பூங்கா ஓர் அரசியல் விடயமாகியது. பொது உலாவிடங்கள் பற்றி ஆராய்வதற்கு 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு தெரிவுக்குழுவை அமைத்தது. தொழிலாளர்களை மதுக்கடையிலிருந்து மீட்டுத் தூய காற்றின்பால் திருப்ப வேண்டும், உயர்ந்தோர் மத்தியில் உலாவும்போது அவர்கள் நல்லொழுக்கம் பழகிக் கொள்வார்கள் என்பவை அக்குழு முன்வைத்த வாதங்கள். 1840 இல் டேர்பி நகரிலும் 1847 இல் பேர்க்கன்ஹெட் நகரிலும் பூங்காக்கள் திறக்கப்பட்டன. உள்ளூர் அதிகாரசபைகள் பூங்காவுக்கென நிலம் வாங்கவும், உபவிதிகளை ஆக்கவும், அவற்றை மீறுவோரை வெளியேற்றவும் 1875 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் அதிகாரமளித்தது. பூங்கா பற்றிய அதிகாரம் வடிகாலும் கழிவகற்றலும் பற்றிய சட்டத்தினுள்ளேயே இடம்பெற்றிருந்தமை கவனிக்கத்தக்கது. மக்களைத் திருத்துவதற்காகத் திறக்கப்பட்ட இடத்தில் மக்களைக் கண்காணிப்பது இயல்பாகவே வந்து சேர்ந்தது.

ஆனால், உண்மையான பலப்பரீட்சை ஹைட் பார்க்கிலேயே நடந்தது. 1855 ஆம் ஆண்டில் ரொபர்ட் குரோவனர் பிரபு, லண்டனில் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டமூலமொன்றைக் கொண்டு வந்தார். சனிக்கிழமை இரவு கூலி பெறும் தொழிலாளிக்குச் சந்தைக்குச் செல்லக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அதே ஞாயிற்றுக்கிழமையில் பிரபுக்கள் ஹைட் பார்க்கில் குதிரை வண்டிகளில் பவனி வருவதற்கு எத்தடையும் இல்லை. ஜூன் 24 ஆம் திகதி அவ்வண்டிகள் செல்லும் பாதையின் இருமருங்கிலும் திரண்ட மக்கள், வண்டிகளில் வந்தோரைப் பார்த்துத் தேவாலயத்துக்குப் போகுமாறு கூச்சலிட்டனர். கூட்டத்தில் கார்ல் மார்க்ஸும் இருந்தார். அடுத்த ஞாயிறான ஜூலை முதலாம் திகதி கூட்டம் கூடக் கூடாதெனப் பொலிஸ் ஆணையாளர் ரிச்சர்ட் மெய்ன் அறிவித்தல்கள் ஒட்டியபோதிலும் மக்கள் வந்தனர். பொலிஸார் குண்டாந்தடிப் பிரயோகம் செய்தனர், 70 பேருக்கு மேல் கைதாகினர். மறுநாளே சட்டமூலம் வாபஸ் பெறப்பட்டது. பின்னர் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு, பொலிஸார் சிலர் தேவையற்ற பலாத்காரத்தைப் பிரயோகித்தமையை ஏற்றுக் கொண்டது.

1862 இல் இத்தாலியின் கரிபால்டிக்கு ஆதரவாகக் கூடியவர்களுக்கும் ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கும் இடையில் இதே பூங்காவில் கைகலப்புகள் இடம்பெற்றன. அதனைக் காரணங்காட்டிப் பூங்காக் கூட்டங்கள் அனைத்தையும் தடை செய்வதற்கு அதிகாரிகள் முற்பட்டனர். ஒரு கலகத்தின் பெயரால் விதிக்கப்படும் தடை அமைதியான கூட்டங்களையும் சேர்த்து விழுங்கிவிடுவது எமக்கும் பழக்கமான விடயமே.

1866 ஆம் ஆண்டில் வாக்குரிமையை விரிவுபடுத்தும் சட்டமூலம் தோற்கடிக்கப்பட்டு, டேர்பி பிரபுவின் பழைமைவாத அரசாங்கம் பதவிக்கு வந்தது. தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கோரிய சீர்திருத்தக் கழகம் ஜூலை 23 ஆம் திகதி ஹைட் பார்க்கில் கூட்டம் நடத்தப் போவதாக அறிவித்தது. ஆணையாளர் மெய்ன் தடைவிதித்தார். பிற்பகல் 5 மணிக்குப் பூங்காவின் படலைகள் யாவும் மூடப்பட்டன. கழகத் தலைவர் எட்மண்ட் பீல்ஸ் ஒரு சட்டத்தரணி. அவர் மார்பிள் ஆர்ச் வாயிலுக்கு வந்து முறைப்படி அனுமதி கேட்டார். மறுக்கப்பட்டதும் தமது ஆதரவாளர்களை ட்ரபல்கர் சதுக்கத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார். மக்களைத் தடுக்கும் உரிமை அரசுக்கு உண்டா என்பதைச் சட்டரீதியாகச் சோதித்துப் பார்ப்பதே அவரது நோக்கமாக இருந்தது. ஆனால், பின்தங்கி நின்ற கூட்டத்துக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. அவர்கள் இரும்புக் கிராதிகளைப் பிடித்து அசைத்துப் பார்த்தனர். உறுதியாக ஊன்றப்படாத கிராதிகள் வரிசையாகச் சாய்ந்தன. ஆயிரக்கணக்கானோர் உள்ளே புகுந்தனர். இராணுவம் அழைக்கப்பட்டது. கல்லெறியில் ஆணையாளர் மெய்னும் இரத்தக் காயமடைந்தார். பூங்காவில் கொந்தளிப்பு அடங்குவதற்குச் சில நாட்கள் சென்றன. அக்காலத்தில் மத்தியூ ஆர்னல்ட் எழுதிய 'கலாசாரமும் அராஜகமும்' என்ற நூலில் இந்தக் கிராதிச் சம்பவம் ஒரு பேரச்சமாகவே தலைகாட்டுகின்றது. பல்கலைக்கழகத்தில் அந்நூலைப் பாடமாகப் படித்தவர்களுள் எத்தனை பேர், விழுந்த கிராதியின் மறுபக்கத்தில் நின்றவர்கள் வாக்குரிமை கேட்டு வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படித்தார்களோ நாமறியோம்.

அப்போதைய உள்நாட்டலுவல்கள் அமைச்சர் ஸ்பென்சர் வால்போல், மேலே குறிப்பிட்ட வால்போல் குடும்ப வழியில் வந்தவர். அவருக்கு அரசாங்கத்தின் சட்ட அதிகாரிகள் வழங்கிய ஆலோசனை சட்ட மாணவர்கள் மாத்திரமன்றி அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. முடி காணியின் உரிமையாளர் என்ற வகையில் படலைகளை மூடி மக்களை வெளியே நிறுத்தலாம். ஆனால், மக்கள் ஒரு தடவை உள்ளே வந்து அமைதியாகக் கூடிவிட்டால் கூட்டத்தைக் கூட்டமாகப் பலாத்காரத்தால் கலைக்க முடியாது. அத்துமீறி நுழைந்தவர் என்ற முறையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அறிவித்தல் கொடுத்து, வெளியேற மறுப்பவரை மாத்திரமே அகற்றலாம். பல்லாயிரம் பேருக்குத் தனித்தனி அறிவித்தல் கொடுப்பது நடைமுறையில் ஆகாத காரியம் என்பதை விளக்கத் தேவையில்லை.

1867 மே 6 ஆம் திகதி கழகம் மீண்டும் கூட்டத்தை அறிவித்தது. அரசாங்கம் பிரகடனம் விடுத்து எச்சரித்தது. பெருந்தொகையான பொலிஸாரும் படையினரும் தயார் நிலையில் வைக்கப்பட்டனர். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர், பேசினர், கலைந்து சென்றனர். அரசாங்கம் கைகட்டி நின்றது. சில நாட்களில் வால்போல் அப்பதவியைத் துறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நகர்ப்புறத் தொழிலாளர்களுள் பெரும் பகுதியினருக்கு வாக்குரிமை அளிக்கும் சட்டம் நிறைவேறியது.

இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே 1872 ஆம் ஆண்டின் பூங்காக்கள் ஒழுங்குபடுத்தல் சட்டம். கிளாட்ஸ்டனின் லிபரல் அரசாங்கம் கொண்டு வந்த இச்சட்டம், பூங்காக் காவலாளிக்குத் தமது பூங்காவினுள் பொலிஸ் கான்ஸ்டபிளின் அதிகாரங்களை வழங்கியது. ஒழுங்குவிதிகளை மீறுவோருக்கு 5 பவுண் வரை தண்டம் விதிக்க இடமளித்தது. பூங்காவின் விதிகளுக்கு அமைவாகவன்றி எவரும் பகிரங்க உரையாற்றக் கூடாது என்றும் கூறியது. ஹைட் பார்க்கின் வடகிழக்கு மூலை பேச்சுக்குரிய இடமாக நிலைபெற்றது இதன் பின்னரேயாகும். 'பேச்சாளர் மூலை' என உலகம் இன்று கொண்டாடும் இடம் அதுவே. 1783 வரை மரண தண்டனைக் கைதிகள் தூக்கிலிடப்பட்ட டைபர்ன் கழுமரம் இருந்தது அதற்கு அருகிலாகும். சாகப் போகின்றவர் இறுதியாகப் பேசுவதைக் கேட்பதற்குத் திரண்ட கூட்டமே அவ்விடத்துப் பேச்சு மரபின் தொடக்கம் என்று கூறுவோரும் உளர்.

பேச்சாளர் மூலை பேச்சுச் சுதந்திரத்துக்குச் சட்டம் அமைத்த கோயில் எனப் பலர் எழுதி வருகின்றனர். சட்டத்தின் வாசகம் அவ்வாறு சொல்லவில்லை. அது அளித்தது விதிகளுக்கு உட்பட்ட ஓர் அனுமதி. சிறையிலிருந்த ஐரிஷ் பீனியர்களுக்கு மன்னிப்புக் கோரி 1872 நவம்பரில் நடந்த கூட்டத்தில் உரையாற்றியவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. பெய்லி எதிர் வில்லியம்சன் என்ற அவ்வழக்கில் 1873 இல் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பூங்காவில் கூட்டம் நடத்தும் உரிமை எதுவும் பொதுமக்களுக்கு இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆயினும், கிராதி விழுந்ததை ஆட்சியாளர்கள் மறக்கவில்லை. அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் அம்மூலையில் பேசியோரைப் பெரும்பாலும் விட்டுவைத்தது சட்டப் புத்தகத்தைக் காட்டிலும் அந்த ஞாபகம்தான் என்று கொள்வதில் தவறில்லை.

அனுமதி என்பது எப்போதும் மீளப் பெறத்தக்கது. 1908 ஜூன் 21 இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரி இலட்சக்கணக்கானோர் கூடிய அதே பூங்காவில், 1913 இல் பெண்கள் சமூக அரசியல் சங்கத்தின் கூட்டங்களுக்கு உள்நாட்டலுவல்கள் அமைச்சர் மக்கென்னா தடைவிதித்தார். ஈராக் மீதான யுத்தத்துக்கு எதிராக 2003 பெப்ரவரி 15 ஆம் திகதி நடத்தப்படவிருந்த பேரணிக்கும் முதலில் ஹைட் பார்க் மறுக்கப்பட்டது. பொறுப்பான அமைச்சர் டெசா ஜோவல் கூறிய காரணங்களுள் புற்றரைக்கு ஏற்படக்கூடிய சேதமும் ஒன்று! எதிர்ப்புக் கிளம்பியதும் அவர் பின்வாங்கினார். அன்று திரண்டவர்கள் ஏழரை இலட்சம் எனப் பொலிஸாரும் ஏறத்தாழ இருபது இலட்சம் என ஏற்பாட்டாளர்களும் கணக்கிட்டனர்.

கூட்டம் கூடுவது பூங்காச் சட்டத்தின் ஒரு முகம் மாத்திரமே. பொலிஸாரின் நாளாந்தப் பணியில் அதனை விட அதிக இடம் பிடித்தது ஒழுக்கம். 1928 ஏப்ரலில் முன்னாள் துணை அமைச்சரும் பொருளியலாளருமான சேர் லியோ மணியும் 22 வயதுடைய தொழிற்சாலைப் பெண் ஒருவரும் ஹைட் பார்க் இருக்கையொன்றில் அமர்ந்திருந்தபோது, ஒழுக்கக்கேடாக நடந்து கொண்டதாகக் கைது செய்யப்பட்டனர். நீதிவான் இருவரையும் விடுதலை செய்ததோடு பொலிஸாரே செலவுத் தொகை கட்ட வேண்டுமென உத்தரவிட்டார். சாட்சியமளித்த கான்ஸ்டபிள்கள் பொய் கூறினார்களா என்ற விசாரணை தொடர்ந்தது. அதன்பொருட்டு அந்த இளம்பெண்ணை ஸ்கொட்லண்ட் யார்டுக்குக் கொண்டு சென்ற பொலிஸார், பெண் ஒருவரும் உடனில்லாத நிலையில் சுமார் ஐந்து மணி நேரம் கேள்விகளால் துளைத்தெடுத்தனர். பொதுச் சபை கொந்தளித்தது. விசாரணை மன்று பொலிஸாரைப் பெரும்பான்மையாக விடுவித்தாலும், அதன் உறுப்பினர்களுள் ஒருவரான லீஸ்-ஸ்மித் மாறுபட்ட அறிக்கை எழுதினார். பொலிஸ் அதிகாரங்கள் பற்றி ஆராய அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டு 1929 இல் அறிக்கை வெளியாகியது. விசாரணைக்கு அழைக்கப்படும் சாதாரண பிரசையின் பாதுகாப்பு குறித்துப் பிரித்தானியா தீவிரமாகச் சிந்திப்பதற்கு ஒரு பூங்கா இருக்கை காரணமாயிற்று. ஆனால் ஒன்று. கைதானவர் பிரமுகராக இல்லாதிருந்தால் இத்தனையும் நடந்திருக்குமா என்ற கேள்வியை நாம் தவிர்க்க முடியாது.

ஹைட் பார்க்கின் காவலாளிகள் பின்னாளில் அரச பூங்காப் பொலிஸ் என்ற தனிப் படையாயினர். 2004 ஏப்ரலில் அவர்களது பணி லண்டன் மெட்ரோபொலிட்டன் பொலிஸுக்கு மாற்றப்பட்டது. அங்கு இயங்கி வந்த பூங்காப் பிரிவும் நிதி நெருக்கடியின் காரணமாகக் கலைக்கப்படும் என 2025 இல் அறிவிக்கப்பட்டது.

இச்சட்ட மரபு கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. வெட்டவெளியில் உறங்குவோரைக் கூடக் குற்றவாளியாக்கிய 1824 ஆம் ஆண்டின் ஆங்கிலேய அலைந்து திரிவோர் சட்டத்தின் வகைப்பாடுகளை, 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் அவ்வாறே எடுத்தாண்டது. பொதுவிடத்தில் இழிசெயல் புரிவோரைத் தண்டிக்கும் அதன் 7 ஆம் பிரிவு 21 ஆம் நூற்றாண்டிலும் பொலிஸாரின் கையிலிருந்தது. பூங்காவிலும் கடற்கரையிலும் குடையின் மறைவில் அமர்ந்திருந்த இளம் சோடிகளைப் பொலிஸார் அள்ளிச் சென்றதாக அவ்வப்போது செய்திகள் வெளிவந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கைகோத்து அமர்வது எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் என்று கேட்கும் துணிவு அவர்களுள் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? பெற்றோருக்குத் தகவல் போய்விடும் என்ற பயமே பல சந்தர்ப்பங்களில் தண்டனையாக அமைந்துவிடுகின்றது. ஹைட் பார்க் விவகாரத்தில் லண்டன் நீதிவான் கேட்ட ஆதாரம் இங்கு நீதிமன்றம் வரை போகாமலேயே நின்றுவிடுகின்றது.

காலிமுகத்திடலின் உலாவீதியை 1856 இல் தொடங்கி 1859 இல் நிறைவு செய்தவர் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட். கொழும்பின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நலன் கருதி அதனைத் தமக்குப் பின்வரும் ஆளுநர்களின் பொறுப்பில் விடுவதாக அங்குள்ள நினைவுக்கல் கூறுகின்றது. ஆளுநர் பரிந்துரைக்கின்றார், அடுத்த ஆளுநர் பேணுகின்றார். உரிமை என்ற சொல்லுக்கு அக்கல்லில் இடமில்லை. சுதந்திர இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்போ அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தை 14 ஆம் உறுப்புரையில் ஒவ்வொரு பிரசைக்கும் உறுதிப்படுத்தியுள்ளது. கூடுவதற்குரிய இடத்தைப் பற்றி அது பேசவில்லை.

இடம் என்பது எவ்வளவு முக்கியமானது என்பதைப் புலம்பெயர்ந்த எம்மவர்களும் அனுபவத்தில் கண்டனர். வன்னியில் இறுதி யுத்தம் நடந்து கொண்டிருந்த 2009 ஏப்ரலில் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் திரண்ட தமிழர்கள் ஜூன் மாதம் வரை அங்கிருந்து அகலவில்லை. பாராளுமன்றச் சுற்றாடலில் ஆர்ப்பாட்டம் செய்வதற்கு முன்னனுமதி கோரும் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையிலிருந்த காலம் அது. 2011 இல் நிறைவேறிய சட்டம் முன்னனுமதி விதியை நீக்கியது, ஆனால் சதுக்கத்தில் கூடாரம் அடிப்பதையும் உறங்குவதற்கான சாதனங்களைப் பயன்படுத்துவதையும் தடைசெய்தது. பேசலாம், தங்க முடியாது என்பதே அதன் ஏற்பாடு.

கொழும்பில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 2020 இல் ஜனாதிபதி செயலகத்துக்கு அருகே காலிமுகத்திடலின் ஒரு பகுதியை ஆர்ப்பாட்டக்காரர்களுக்கென ஒதுக்கினார். வீதிகளில் நெரிசலைத் தவிர்ப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. 1872 இல் லண்டனில் கையாண்ட அதே உபாயம்தான். 2022 ஏப்ரல் 9 ஆம் திகதி அப்பகுதியில் கூடிய இளைஞர்கள் மாலையானதும் வீடு திரும்பவில்லை. கூடாரங்கள் எழுந்தன, நூலகம் எழுந்தது, சமையற்கூடம் எழுந்தது. மே 9 ஆம் திகதி ஆளுந்தரப்பு ஆதரவாளர்கள் புகுந்து அடித்து நொறுக்கிய போதிலும் அவர்கள் கலையவில்லை. இடத்தை ஒதுக்கிய ஜனாதிபதி ஜூலையில் நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலக நேர்ந்தது.

ஜூலை 22 ஆம் திகதி அதிகாலை இருளில் படையினரும் பொலிஸாரும் திடலுக்குள் புகுந்து ஜனாதிபதி செயலகத்தை அண்டியிருந்தோரை அடித்து விரட்டினர். எஞ்சிய கூடாரங்களை ஆகஸ்ட் 5 ஆம் திகதிக்கு முன்னர் அகற்றுமாறு பொலிஸார் விடுத்த அறிவித்தல் பேச்சையோ கோஷத்தையோ குற்றம் எனக் கூறவில்லை. அனுமதியின்றி அரச காணியில் நிற்கும் கூடாரம் என்பதே அதன் அடிப்படை. 1866 இல் வால்போலுக்குச் சட்ட அதிகாரிகள் எடுத்துக் கொடுத்த ஆயுதமும் இதுவே. மக்களோடு அரசு வழக்காடும்போது ஆட்சியாளனாக நின்று தோற்கக்கூடிய இடத்தில் காணிச் சொந்தக்காரனாக வந்து நிற்கின்றது. ஆகஸ்ட் 10 ஆம் திகதி போராட்டக்காரர்கள் திடலை விட்டு வெளியேறினர். அந்த ஜூலை மாதத்தில் பதில் ஜனாதிபதியாகவிருந்த ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த அவசரகாலநிலைப் பிரகடனம் பிரசைகளின் அடிப்படை உரிமைகளை மீறியதாக உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 23 இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது.